தோண்டியவன் போய்விட்டான், குழி யாருக்கு?

'பேராக்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெள்ளி என்று பொருள். ஆற்று மணலில் மின்னிய ஈயத்தின் வெண்மையைக் கண்டே இம்மாநிலத்துக்கு அப்பெயர் வந்தது என்று சொல்வோர் உண்டு. பெயர்க் காரணம் எதுவாயினும் ஆகட்டும். இம்மாநிலத்தின் மண்ணிலிருந்து நூறாண்டுக்கு மேலாக வெள்ளி வெள்ளியாக வாரிக்கொண்டு போனார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. வாரியவர்கள் போய்விட்டார்கள். வாரிய இடத்தில் குழியும் குட்டையும் நிற்கின்றன. அந்தக் குட்டைகளின் கரையில் குடியிருப்பவர்கள் நாம்.

இப்போது மீண்டும் தோண்டும் பேச்சு கிளம்பியிருக்கிறது. இம்முறை ஈயத்தை மட்டும் அல்ல. 'அரிய மண்' என்று பெயர் சூட்டப்பட்ட கனிமங்களைத் தோண்டப் போகிறார்களாம். கைத்தொலைபேசிக்கும் மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் அவை தேவையாம். மாநிலத்துக்கு வருமானம், வாலிபர்களுக்கு வேலை என்று ஒரு சாரார் பேசுகிறார்கள். நதி கெடும், நோய் வரும், தோண்டவே கூடாது என்று மற்றொரு சாரார் பேசுகிறார்கள். இரு சாராரும் பேசுவதற்கு நடுவே, அந்த மண்ணின் மேல் வாழப் போகிறவனைக் கேட்பார் யார்? தோட்டத்தில் மரம் சீவுகிறவர்களும், ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார்களும் இதைச் சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆகவேதான் நாம் இதனை எழுதுகிறோம்.

நன்மையை மறைக்க வேண்டாம்

முதலில் நியாயத்தைப் பேசுவோம். ஈயத்தால் பேராக்குக்கு நன்மையே கிடையாது என்று சொன்னால் அது பொய். 1885 ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி இந்நாட்டின் முதல் ரயில் ஓடியது எங்கே? தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு. எதற்காக? லாருட் ஈயத்தைக் கப்பலேற்றுவதற்காக. அந்தச் சிறிய பாதைதான் பின்னால் நாடெங்கும் விரிந்த ரயில் பாதைகளுக்கு மூத்த பிள்ளை. ஈயத்தின் மேல் போட்ட ஏற்றுமதி வரியால்தான் சடக்குகளும் பாலங்களும் ஆஸ்பத்திரிகளும் கட்டப்பட்டன. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கிடைக்காதிருந்தால் ஈப்போ ஒரு படகுத்துறைக் கம்பமாகவே இருந்திருக்கும். 'கோடீசுவரர்களின் நகரம்' என்ற பெயர் அதற்கு வாய்த்திருக்காது.

மின்சாரம் வந்ததும் ஈயத்தால்தான். பேராக் நதியின் குறுக்கே செண்டரோ அணை கட்டி 1930 இல் மின்சாரம் எடுத்தது பெரும்பாலும் கிந்தாவின் ஈயக் கப்பல்களையும் பம்புகளையும் ஓட்டுவதற்காகவே. பட்டறைகள் வந்தன; இரும்பு வார்ப்படச் சாலைகள் வந்தன; பிட்டர், வெல்டர், டிரைவர் என்று கைத்தொழில் கற்றவர் பலர் உருவாயினர். நம்மவரிலும் ஈயக் கப்பலில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் உண்டு. இந்த நன்மைகளையெல்லாம் நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் நன்மை என்ற சொல்லோடு நாம் நின்றுவிடக் கூடாது. யாருக்கு நன்மை? எத்தனை நாளைக்கு நன்மை? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்கு முடியும். அணையின் மின்சாரம் ஈயக் கப்பலை இரவும் பகலும் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அதே மாவட்டத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. கம்பி நம் தலைக்கு மேலே போயிற்று. வெளிச்சம் நம் வீட்டுக்குள் வரவில்லை. செல்வம் ஓர் ஊரின் வழியாகப் போவது வேறு. அந்த ஊரில் தங்குவது வேறு.

லண்டனில் விழுந்த விலை

எத்தனை நாளைக்கு என்ற கேள்விக்குப் பதில் நம் கண்ணெதிரே கிடைத்தது. 1979 ஆம் ஆண்டில் மலேசியா ஏறக்குறைய 63,000 டன் ஈயம் எடுத்தது. உலகின் மொத்த உற்பத்தியில் அது 31 சதவிகிதம். அத்தொழிலில் 41,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். உலகத்தில் முதலிடம் நமக்கு! பெருமைப்பட்டுக்கொண்டோம்.

ஆறே ஆண்டுகள் கழிந்தன. ஈய விலையைத் தாங்கிப் பிடிப்பதற்காக ஈயம் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து அமைத்த அனைத்துலக ஈய மன்றம் லண்டனில் இருந்தது. 1985 அக்டோபர் 24 ஆம் தேதி, கையில் பணமில்லை என்று அம்மன்றம் கையை விரித்தது. விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கிந்தாவில் பம்புகள் நின்றன, கப்பல்கள் கட்டிப்போடப்பட்டன, ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1994 ஆம் ஆண்டில் நாட்டின் ஈய உற்பத்தி 6,500 டன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பத்தில் ஒரு பங்கு!

தஞ்சோங் துவாலாங் போனால் டி.டி. 5 என்ற ஈயக் கப்பலைக் காணலாம். 1938 இல் கட்டப்பட்டது. 4,500 டன் எடை. 1982 வரை உழைத்தது. இன்று அது காட்சிப் பொருள். சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். இரும்புக் கப்பலையாவது காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், நல்லது. அதன் மேல் நின்று மூன்று ஷிப்டு உழைத்தவனைக் காட்சிக்கு வைக்கவும் ஆளில்லை; அவன் எங்கே போனான் என்று தேடவும் ஆளில்லை.

ரப்பர் விலையும் விழுவதில்லையா என்று கேட்கலாம். விழுகிறது, அந்த வேதனையை நம்மைவிட அறிந்தவர் யார்? ஆனால் இவ்விடத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதை மரம் சீவுகிறவன்தான் உலகத்துக்கு எடுத்துச் சொல்ல முடியும்.

மரம் சீவுகிறவனுக்குத் தெரிந்த நீதி

உளி பிடித்த கைக்குத் தெரியும்: பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் தப்பினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புடைப்பு எழும்பும். புதுப்பட்டை சரியாக வளராது. பின்னால் அந்தப் பக்கம் பால் குறையும். அதனால்தான் மண்டோர் நிரை நிரையாகப் போய்ப் பட்டையைப் பார்க்கிறார். காயம் போட்டவனைப் பெரட்டில் நிறுத்திக் கேட்கிறார். இன்றைய பாலுக்காக நாளைய பட்டையை அழிக்காதே என்பதுதான் நம் தொழிலின் முதல் பாடம். ஒழுங்காகச் சீவினால் ஒரு மரம் இருபத்தைந்து, முப்பது வருஷம் பால் தரும். மரம் கிழடான பின்பும் மண் இருக்கிறது, மறுநடவு செய்யலாம்.

ஈயத்துக்கு மறுநடவு உண்டா? கிடையாது. ஒரு முறை வாரினால் வாரினதுதான். ரப்பர் விலை விழுந்தால் உளியைக் கீழே வைத்துக் காத்திருக்கலாம். மரம் அங்கேயே நிற்கும். சுரங்கம் மூடினால் அங்கே நிற்பது தண்ணீர்க் குட்டையும் மணல் மேடும்தான். ஆகவே மண்ணுக்கடியில் இருப்பது வருமானம் அன்று, அது முதல். முதலை எடுத்துச் செலவழித்துக்கொண்டே 'லாபம் வருகிறது, லாபம் வருகிறது' என்று சொல்லுகிற வியாபாரியைப் பார்த்து எந்தக் கிராணியும் சிரிப்பார். ஒரு மாநிலம் அதைச் செய்தால் மட்டும் அபிவிருத்தி என்று பெயரிடுவதா?

குட்டைகளின் கதை

கிராவல் பம்பு முறையில் ஈயம் எடுப்பது எப்படி என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். பீரங்கிபோல் தண்ணீரைப் பீய்ச்சி மண் சுவரைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு இழுத்து உயரமான 'பாலோங்' என்ற மரச் சாய்வின் மேல் ஓடவிடும். கனமான ஈய மணல் அடியில் தங்கும். மற்றதெல்லாம் வழிந்து போகும். அந்த 'மற்றது' போன இடம் எது? ஓடைகளும் நதிகளும் தாழ்ந்த நிலங்களும். சேறும் மணலும் ஏறி ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது. ஆறு ஆழம் இழந்தால் மழைக்காலத்தில் கரை தாண்டாமல் என்ன செய்யும்? ஈயக் காலத்தின் வெள்ளங்களில் ஒரு பங்கு வானத்திலிருந்து வந்தது; ஒரு பங்கு பாலோங்கிலிருந்து வந்தது.

வளமான மேல்மண் கழுவப்பட்டுப் போன நிலத்தில் வெறும் வெள்ளை மணல் மிஞ்சியது. அதில் புல் முளைப்பதற்கே ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. ஆயினும் மனிதன் சும்மா இருக்கவில்லை. பழைய குட்டைகளில் மீன் வளர்த்தான்; வாத்து வளர்த்தான்; மணலுக்கு எருவிட்டுக் காய்கறியும் பழமரமும் நட்டான். கம்பாரில் பழைய குட்டைகளின் கரையில் இன்று துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது. பத்து காஜா பக்கத்தில் குட்டைகள் பறவைகளின் புகலிடமாகியிருக்கின்றன. இவை மகிழ்ச்சியான சங்கதிகள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றைச் செய்தவர்கள் ஈயம் எடுத்தவர்கள் அல்லர். பின்னால் வந்தவர்கள், தங்கள் பணத்தையும் வியர்வையையும் கொட்டிச் செய்தார்கள். குழி தோண்டியவனுக்கு லாபம். குழி தூர்த்தவனுக்குச் செலவு!

புக்கிட் மேரா கற்பித்த பாடம்

ஈயம் வாரிய பின் மிஞ்சும் கனமான கறுப்பு மணலுக்கு 'அமாங்' என்று பெயர். அதில் மொனசைட் என்ற கனிமம் உண்டு. மொனசைட்டில் அரிய மண்ணும் உண்டு. கூடவே தோரியம் என்ற கதிரியக்கப் பொருளும் உண்டு. ஈப்போவுக்குத் தெற்கே லஹாட்டுக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் மேராவில், மொனசைட்டிலிருந்து அரிய மண்ணைப் பிரிக்க 1979 இல் ஏசியன் ரேர் எர்த் கம்பெனி அமைக்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதில் 35 சதவிகிதப் பங்கு வைத்திருந்தது. 1982 இல் வேலை தொடங்கியது. புதுக்கிராமத்து மக்கள் ஏறக்குறைய 11,000 பேர் அதன் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள்.

அரிய மண் கப்பலேறியது. தோரியக் கழிவு எங்கே போவது? 1984 இல் பாப்பானில் அதைப் புதைக்கக் குழிகள் வெட்டினார்கள். பாப்பான் மக்கள் விண்ணப்பம் எழுதினார்கள், சடக்கை மறித்தார்கள், பட்டினி கிடந்தார்கள். அவ்வாண்டின் கடைசியில் அனைத்துலக அணுசக்தி ஸ்தாபனத்தின் நிபுணர்கள் வந்து பார்த்து, அந்தக் குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்று சொன்னார்கள். ஒன்றும் படிக்காத சனங்கள் வீண் பயம் பயப்படுகிறார்கள் என்று பேசியவர்கள் இதற்கு என்ன பதில் சொன்னார்கள்? 1985 ஜனவரியில், கழிவை வைக்கும் இடம் கிளேடாங் மலைப் பக்கத்துக்கு மாற்றப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் எட்டுப் பேர், ஊர் மக்கள் எல்லாருக்குமாக, ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் தடை உத்தரவு கிடைத்தது. 1987 இல் உரிமம் பெற்றுக் கம்பெனி மறுபடியும் ஓடியது. அவ்வருஷம் செப்டம்பரில் விசாரணை ஆரம்பமாயிற்று. அக்டோபரில் நாடெங்கும் நடந்த கைதுகளில் மக்களின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும், ஊர்ப் போராட்டக் குழுவினர் சிலரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறை வைக்கப்பட்டனர். அப்படியும் மக்கள் கலையவில்லை. பஸ் பிடித்தும் நடந்தும் நீதிமன்றத்துக்கு வந்துகொண்டேயிருந்தார்கள்.

1992 ஜூலை 11 ஆம் தேதி நீதிபதி பே சுவீ சின் தீர்ப்பளித்தார்: 14 நாளில் ஆலையை மூட வேண்டும். மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். கம்பெனி மேல்முறையீடு செய்தது. 1993 டிசம்பர் 23 இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. ஊரார் அணுசக்தி உரிம வாரியத்திடம் முறையிட்டு உரிமத்தை ரத்து செய்யக் கேட்டிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனாலும் என்ன நடந்தது? 1994 ஜனவரியில் கம்பெனி தானாகவே ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது. சட்டத்தில் தோற்ற மக்கள் தெருவில் வென்றார்கள்.

இனி, லாப நஷ்டக் கணக்கைப் பாருங்கள். ஆலை ஓடிய காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. அதிலும் இடையிடையே நின்றது. அதைச் சுத்தம் செய்யும் வேலையோ ஆலை மூடி பதினேழு ஆண்டு கழிந்த பின்னும், 2011 இல், நடந்துகொண்டிருந்தது. அச்செலவு 10 கோடி அமெரிக்க டாலர் என்று அவ்வாண்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதிற்று. 11,000 லோரி மாசுபட்ட மண். 80,000 இரும்புப் பீப்பாய்க் கழிவு. எல்லாம் மலைக்குள் புதைக்க. ஐந்தாண்டுக்குள் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது, அவர்களில் ஏழு பேர் மாண்டனர் என்று ஊரார் சொல்லுவதையும் அதே பத்திரிகை எழுதியிருந்தது. கம்பெனி ஊர்ப் பள்ளிகளுக்கு நன்கொடை கொடுத்தது. நோய்க்குத் தான் பொறுப்பல்ல என்றது. தோரியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கு 1,400 கோடி ஆண்டு ஆகும் என்கிறது விஞ்ஞானம். பத்தாண்டு வியாபாரத்துக்கு இத்தனை கோடி ஆண்டுக் காவல்! அந்தக் காவலுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

கோலார் தங்கவயல்

இது பேராக்கின் விதி மட்டும் என்று எண்ண வேண்டாம். நம் முன்னோர் சிலர் வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறி மலாயா வந்த அதே காலத்தில், அம்மாவட்டத்துத் தமிழர் பலர் மைசூர் சீமையிலுள்ள கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். 1880 இல் ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே தங்கச் சுரங்கத்தை நடத்தத் தொடங்கியது. 1902 இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து அந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு அதற்குப் பிறகுதான் மின் விளக்கு. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தமிழன் தங்கம் வெட்டினான். கல் தூசி அவன் நுரையீரலை வெட்டியது. அவன் குடியிருந்தது நம் லயம் போன்ற வரிசை வீடு.

2001 பிப்ரவரி 28 இல் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுத் தொழில் ஒரே நாளில் முடிந்தது. மீதி என்ன? மலைமலையாகக் குவிந்த சயனைடுக் கழிவு மேடு. காற்றடித்தால் அதன் தூசி ஊருக்குள் பறக்கிறது. வேலைக்கு விடியற்காலையில் ரயிலேறி பெங்களூர் போய் இரவில் திரும்புகிறார்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள். தங்கம் எத்தனையோ வீட்டுப் பெண்களின் கழுத்தில் இருக்கிறது. தூசி இவர்கள் தொண்டையில் இருக்கிறது.

ஈப்போவானாலும் கோலாரானாலும் கதை ஒன்றுதான். சுரங்கம் திறக்கிற நாளில் கொடியும் தோரணமும். மூடுகிற நாளில் யாரும் இல்லை. ஆகவே ஒரு சுரங்கம் நல்லதா கெட்டதா என்பதை அது திறக்கிற நாளில் தரும் வேலையைக் கொண்டு நிதானிக்கக் கூடாது. அது மூடுகிற நாளில் ஊருக்கு எதை விட்டுச் செல்லும் என்பதைக் கொண்டே நிதானிக்க வேண்டும். நாம் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

இப்போது வரும் வாக்குறுதி

2023 செப்டம்பரில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றத்தில் பேசும்போது, அரிய மண் தொழிலால் 2025 இல் நாட்டின் உற்பத்திக்கு 950 கோடி வெள்ளி சேரும், ஏறக்குறைய 7,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று மதிப்பிட்டுச் சொன்னார். பக்குவம் செய்யாத அரிய மண்ணை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை அறிவிக்கப்பட்டது. மூலப்பொருளை மலிவாக அனுப்பிவிட்டு, செய்த சாமானை விலை கொடுத்து வாங்கும் அவலத்தை ரப்பரில் நூறு வருஷம் பார்த்தவர்கள் நாம். ஆதலால் அந்தத் தடையை வரவேற்கிறோம்.

இங்கே பேராக்கில், கெரிக் வட்டாரத்துக் கெனரிங்கில் 2022 இல் ஒரு பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. இது மொனசைட் அல்ல. களிமண்ணில் ஒட்டியிருக்கும் வேறு வகை. தோரியத் தொல்லை இதில் மிகக் குறைவு என்கிறார்கள். மலையைத் தோண்டுவதில்லை, துளை போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விட்டு, கீழே வழிந்து வரும் நீரைப் பிடித்து அரிய மண்ணைப் பிரிக்கிறார்கள். அம்மோனியம் சல்பேட் நமக்கு அந்நியமா? தோட்டத்தில் மரத்துக்கு இடும் உரம் அது! உரம்தானே என்று அலட்சியம் பண்ணக் கூடாது. கைப்பிடியாக வேரடியில் போடுவது வேறு; கரைத்து மலைக்குள் ஊற்றுவது வேறு. பிடிக்காமல் தப்புகிற கரைசல் எங்கே போகும்? ஊற்றுக்கு, ஓடைக்கு, கடைசியில் பேராக் நதிக்கு. அந்த நதியின் நீரைக் குடிக்கிற ஊர்கள் மேலிருந்து கீழ்வரை எத்தனை!

இதே முறையைச் சீனாவில் ஜியாங்சி மாநிலத்துக் கான்சோ வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். மலைகள் மொட்டையாயின, நீர் கெட்டது. அவ்வட்டாரத்தை மட்டும் சீர்செய்ய 3,800 கோடி யுவான் ஆகும் என்று 2012 இல் சீன அதிகாரிகளே கணக்குச் சொன்னார்கள். இந்தக் கணக்கை நாம் இட்டுக்கட்டவில்லை. தோண்டியவர்கள் சொன்ன கணக்கு இது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் நம் பெரியோர். ஆற்றிலேயே போட்டுவிட்டுப் பிறகு அளப்பதால் பயன் என்ன?

வேலை வேண்டாமா?

'இப்படியெல்லாம் பேசினால் வேலை எப்படி வரும்? நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டியதுதானா?' என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தோட்டங்கள் செம்பனையாயின, செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின, நம் வாலிபர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள். வேலை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன பைத்தியமா? சுரங்கமே கூடாது என்பதல்ல நம் வாதம். கூலி பத்து வருஷத்துக்கு, குழி என்றென்றைக்கும் என்ற பேரத்தில்தான் நாம் கையெழுத்துப் போடக் கூடாது.

பேரம் பேசாமல் வேலைக்குப் போனவன் அல்லன் தோட்டத் தொழிலாளி. ஐம்பதுகளில் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, விற்பனைப் பத்திரத்தில் மரத்தின் எண்ணிக்கை இருந்தது, நிலத்தின் ஏக்கர் இருந்தது; தொழிலாளியின் பெயர் இல்லை. அதைக் கண்டுதான் 1960 இல் துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்திரத்தில் பெயர் இல்லாதவனுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது நாம் விலை கொடுத்து வாங்கிய பாடம். சுரங்கப் பத்திரத்திலும் அதையே கேட்கிறோம்.

நாம் கேட்பவை

முதலாவது: தோண்டுமுன் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கை தடித்த புத்தகமாக ஆபீசு அலமாரியில் இருந்தால் போதாது. அதன் சாரத்தை மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதி, கம்பத்திலும் தோட்டத்திலும் பூர்வகுடி கிராமத்திலும் கூட்டம் போட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது: தண்ணீரை அளப்பவர் கம்பெனியிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். சுரங்கம் தொடங்குமுன் ஓடையின் நீர் எப்படி இருந்தது என்ற கணக்கு முதலில் வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னால் கெட்டதை நிரூபிக்க முடியாது. மாதந்தோறும் வரும் அளவை எல்லாரும் பார்க்கும் பலகையில் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது: நிலத்தைத் திருப்பிச் சீர்செய்யும் பணத்தை, தோண்டுமுன் ரொக்கமாகக் கட்ட வேண்டும். தோண்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம். கம்பெனி திவாலாகலாம், பெயர் மாற்றலாம், கப்பலேறிப் போகலாம். கட்டிய பணம் போகாது.

நான்காவது: ஊரார் பிள்ளைகளுக்கு மண்வெட்டி வேலை மட்டும் கொடுத்துவிட்டு, ஆய்வுக்கூடத்துக்கும் இயந்திரத்துக்கும் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரக் கூடாது. தொழில் கற்பித்துக் கொடுக்க வேண்டும். காண்டிராக்டர் பெயரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றும் தந்திரம் கூடாது. 1980 ஆம் ஆண்டின் பணிநீக்கச் சலுகை விதிகளின்படி ஐந்தாண்டுக்குக் குறையாமல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் உண்டு. காண்டிராக்ட் கூலிக்கு அந்த ஐந்தாண்டு என்றைக்கு முடியும்?

இவை பேராசை அல்ல. முதலாளி தன் இயந்திரத்துக்கு இன்சூரன்சு கட்டுகிறார். ஊரின் நதிக்கு ஒரு காப்பீடு கேட்பது குற்றமா?

நிலமும் கனிமமும் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளவை. எனவே நம் கேள்வி ஈப்போவுக்குத்தான் முதலில் போக வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற எவரிடமும், அவர் எந்தக் கட்சியானாலும், 'சுரங்கம் வேண்டுமா, வேண்டாமா?' என்று கேட்காதீர்கள். அதற்கு ஆளுக்கொரு பதில் தயாராக வைத்திருப்பார். 'சுரங்கம் மூடுகிற நாளில் எங்களுக்கு எதை விட்டுப் போவீர்கள்? அதற்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?' என்று கேளுங்கள்.

இதில் கிராணிமார்களுக்கு ஒரு கடமை உண்டு. சர்க்கார் கடிதத்தையும் கணக்குத் தாளையும் படிக்கத் தெரிந்தவர் நீங்கள். அறிக்கையை வாங்கிப் படியுங்கள். படித்ததை மரத்தடியில் உட்கார்ந்து மற்றவருக்குச் சொல்லுங்கள். மரம் சீவுகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஓடைத் தண்ணீரின் நிறம் மாறினால், மீன் செத்து மிதந்தால், முதலில் காண்பவர் விடியற்காலையில் வெளியே போகிற நீங்கள்தான். நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள், படம் எடுத்து வையுங்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள். மலாய்க்காரரும் சீனரும் பூர்வகுடியினரும் குடிப்பது அதே தண்ணீர்தான். புக்கிட் மேராவில் ஊர் ஒன்றாக நின்றபடியால்தான் ஆலை மூடியது.

காயம் போடாமல் பால் எடுக்கத் தெரிந்தவர்கள் நாம். மண்ணையும் அப்படியே நடத்து என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்போம், குழி வெட்டுமுன் கேட்போம்!